ஓரகத்தி எடுத்த வகுப்பு

மூத்தவள் சாவியை ஒப்படைக்க டிப்போ அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஐந்தாறு டிரைவர்கள் கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் ஒதுங்கிய விதத்திலேயே அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பின்னே, பதினொரு வருஷ சர்வீஸ். பெரிய பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் வேன் விடும் அந்த டிப்போவில் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்த பெண் அவள்தான். வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றி இறக்கும் முறையைக் கிராமத்து வேன் டிரைவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்ல ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பழக்கப்போகிறார்கள் என்று மூன்று மாதமாகவே பேச்சு இருந்தது. அவளை விட்டால் வேறு யாரை அனுப்புவார்கள்?

பலகையில் இருந்தது அவள் ஓரகத்தியின் பெயர்.

மறுபடியும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

"அக்கா, வீட்டுக்குப் போனதும் நாங்க எல்லாரும் வாழ்த்து சொன்னோம்னு சொல்லிடுங்க," என்றான் ஹாரன். அவன் ரகசியம் பேசினாலும் பத்து வீடு தள்ளிக் கேட்கும் என்பதால் அந்த டிரைவருக்கு அப்படி ஒரு பெயர்.

"சொல்றேன், சொல்றேன். எல்லாத்தையும் என்கிட்டயே குடுத்து அனுப்புங்க. நான்தானே தபால்காரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாவியைக் கொக்கியில் மாட்டும்போது கை நழுவி அது இரண்டு முறை கீழே விழுந்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் புழங்குகிறவர்கள் அவர்கள். இளையவளை டிப்போவுக்கு அழைத்து வந்ததே மூத்தவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு விண்ணப்பத்தை வாங்கி வந்து, "நீயும் வாயேன். வீட்டுச் சுவத்தையே எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருப்பே?" என்று நீட்டியது அவள் கைதான். அன்றைக்கு இருவரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு டிப்போ வாசலில் நுழைந்தபோது மூத்தவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தனக்குப் பின்னால் ஒருத்தி நடந்து வரும்வரைக்கும் பெருமைப்படுவதில் என்ன கஷ்டம்?

வீட்டில் இளையவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, பார்த்தீங்களா? சத்தியமா நான் நம்பவே இல்ல. உங்களைத்தான் போடுவாங்கன்னு நினைச்சேன்."

'நானும் அப்படித்தான் நினைச்சேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூத்தவள் விழுங்கிக்கொண்டாள்.

"நல்லா பண்ணு," என்றாள். பிறகு, கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரம் ஒன்றை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

மோட்டார் பட்டறையில் காயில் கம்பி சுற்றும் வேலையை முடித்துவிட்டு வந்த அவள் புருஷன் விஷயத்தைக் கேட்டு வாயெல்லாம் பல்லானான். "யாருக்குக் கிடைச்சா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே பெருமை!"

"அந்தப் பெருமையை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு முதுகு வலிக்குது," என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். வலித்தது முதுகல்ல.

இளையவள் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனாள். அந்த இரண்டு வாரமும் அவளுடைய தடத்தில் மூத்தவள் வேன் ஓட்ட வேண்டும் என்று மேனேஜர் எழுதிவிட்டார். அதுதான் அவளை நன்றாக வேக வைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் முதலில் ஸ்டியரிங் பக்கம் பார்ப்பார்கள். பார்த்ததும் அந்த முகங்களில் ஏதோ ஒன்று அணையும்.

"சின்னக்கா வரலியா?"

"பயிற்சிக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"வருவா. இப்ப ஏறுங்க."

கடைசி ஊரில் ஏறுகிறவர் ஒரு தையல்காரர். தொழிலை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். முன்பெல்லாம் அவர் மூத்தவளுடைய பயணிதான். அப்போது ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். தடம் மாறிய பிறகு சிரிப்பும் மாறிவிட்டது போலிருக்கிறது.

"சின்னக்கா வேகத்தடை வந்தா 'தாத்தா, பிடிச்சுக்குங்க'ன்னு ஒரு குரல் குடுக்கும்," என்றார் அவர், வேன் ஒரு தடையின் மேல் ஏறி இறங்கியதும். குறையாகச் சொல்லவில்லை. வெறுமனே சொன்னார். மூத்தவளுக்கு மிளகாயை அரைத்துப் பூசியது போல் இருந்தது. இந்த மனுஷனுக்கு எல்லாம் மறந்துவிட்டதா?

எட்டு மாதத்துக்கு முன்பு நடந்தது அது. வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். டயாலிசிஸ் முடிந்து அசந்துபோன தையல்காரர் கடைசி இருக்கையில் சரிந்து தூங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து இளையவளுக்குப் போன் வந்தது. அவள் தலைகால் புரியாமல் வேனை ஷெட்டில் விட்டுப் பூட்டிவிட்டு ஓடிவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஷெட்டுக்கு வந்த மூத்தவள் காதில், கண்ணாடியில் ஏதோ தட்டுவது போல் ஒரு சத்தம் விழுந்தது. ஓடிப்போய் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தாள். தையல்காரர் சட்டையெல்லாம் நனைந்து, உதடு வெளுத்துக் கிடந்தார். முகத்தைத் துடைத்து, உதட்டை நனைத்து, காற்றாட உட்கார வைத்து, அவர் தெளிந்த பிறகு தன் வேனிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

அன்று சாயங்காலம் இளையவள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வேலை போயிடும்."

"எழுந்திரு. என் வாயிலேர்ந்து வராது."

தையல்காரரும் யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் மூன்று பேரோடு நின்றுவிட்டது.

இளையவள் ஒரு நீலநிற மேற்சட்டையோடு திரும்பி வந்தாள். முதுகில் 'பயிற்சியாளர்' என்று வெள்ளை எழுத்து. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப்போன மூத்தவள் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தோளில் இறுக்கிப் பிடித்தது. முதுகு தெரிவதற்காகக் கண்ணாடியின் முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் திருடியைப் போல் அவசரமாகக் கழற்றினாள். வந்தது பக்கத்து வீட்டுக்காரி. வெட்கத்தில் காது சுட்டது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அவளுக்கு இளையவள்மேல்தான் கோபம் வந்தது.

முதல் வகுப்பு டிப்போவின் பின்னறையில் நடந்தது. பதினான்கு டிரைவர்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் காட்டிப் பழக ஒரு சக்கர நாற்காலி. பின்வரிசையில் மேனேஜரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள்.

இளையவள் நன்றாகப் பேசினாள். அதுதான் தாங்க முடியவில்லை. திக்கித் திணறுவாள், ஹாரன் ஏதாவது கேலி செய்வான் என்றெல்லாம் மூத்தவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இளையவளோ ஹாரனையே பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அவன் கண்ணைத் துணியால் கட்டி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாற்காலியைச் சடாரென்று பின்னால் இழுத்தாள். அவன் போட்ட கத்தலில் அறையே அதிர்ந்தது.

"இப்ப தெரிஞ்சுதா? சொல்லாம நாற்காலியை இழுத்தா, அவங்களுக்கு இப்படித்தான் உயிர் போயிட்டு வரும். முதல்ல தோள்ல கை. அப்புறம் வாய்ல ஒரு வார்த்தை. அதுக்கப்புறம்தான் நாற்காலி." எல்லோரும் சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "இது நான் கண்டுபிடிச்சதில்ல. எங்க அக்காகிட்ட பார்த்துக் கத்துக்கிட்டது. இதோ, உட்கார்ந்திருக்காங்களே, அவங்கதான்."

கைத்தட்டினார்கள். எல்லோர் கண்ணும் இளையவள் மேலேயே இருந்தது. பின்வரிசை அதிகாரி மேனேஜர் பக்கம் சாய்ந்து, "எவ்வளவு பணிவு பாருங்க," என்றது மூத்தவள் காதில் தெளிவாக விழுந்தது. வித்தை தன்னுடையது. பணிவு என்ற பெயர் மட்டும் அவளுக்கா! மூத்தவளுக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது.

அடுத்த பாடம், வேனைப் பூட்டும் முன் கடைசி இருக்கைவரை நடந்து பார்ப்பது.

"ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் பின்னால வரைக்கும் நடக்கணும். கண்ணாடியில பார்த்தா போதாது. யாராவது தூங்கிட்டு…" இளையவளின் குரல் ஒரு நொடி தடுமாறியது. "யாராவது தூங்கிட்டு இருக்கலாம்."

மூத்தவளின் கை மேலே எழுந்தது. அவளே அதை எழுப்பியதாக அவளுக்கு நினைவில்லை.

"ஒரு உதாரணம் சொன்னா எல்லாருக்கும் நல்லா புரியுமே," என்றாள். "எட்டு மாசம் முன்னாடி நம்ம ஷெட்லயே ஒரு பெரியவரை வேன்ல வச்சுப் பூட்டிட்டுப் போனாங்க. முக்கால் மணி நேரம். உச்சி வெயில். யாருன்னு நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

இளையவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பொய் சொல்லவுமில்லை, அழவுமில்லை. பதில் தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போல் மூத்தவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

மறுநாள் அதிகாரியும் மேனேஜரும் தையல்காரர் வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். பிறகு ஓரகத்திகள் இருவரையும் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்தார்கள்.

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கிறார் அவர்," என்றார் அதிகாரி. "'என்னை யாரும் மறக்கல, நான்தான் கொஞ்ச நேரம் படுத்திருக்கேன்னு சொன்னேன்'னு எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கார். கதவைத் திறந்துதான் வச்சிருந்தாங்களாம்." பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினார். "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

மூத்தவள் யார் உதட்டைத் தன் முந்தானையால் நனைத்தாளோ, அவரே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அவருக்கும் சின்னக்காதான் முக்கியம். உலகத்துக்கே சின்னக்காதான் முக்கியம். பக்கத்தில் நின்றவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். 'ஆமாம் மேடம்' என்று ஒரு தலையாட்டல் போதும், இளையவள் தப்பித்துவிடலாம். அந்த இடத்தில் தான் இருந்தால் ஆட்டியிருப்போம் என்பதில் மூத்தவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அவர் என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொல்றார், மேடம்," என்றாள் இளையவள். "அக்கா சொன்னதுதான் நிஜம். நான்தான் பார்க்காம பூட்டிட்டுப் போனேன்."

பயணியை விட்டுவிட்டுப் போனதற்கு இளையவளுக்கும், தெரிந்தும் மறைத்ததற்கு மூத்தவளுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இளையவளிடமிருந்து வகுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். மீதி நான்கு வகுப்புகளை சர்வீஸில் மூத்தவர் என்ற முறையில் பெரியவளே எடுக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆசைப்பட்டது கைக்கு வந்தது. அவள் மனசில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அடுத்த வகுப்பில் அவள் சக்கர நாற்காலி வேனுக்குள் உருளாமல் இருக்க அதை நான்கு பெல்ட்டாலும் கட்டிக் காட்டினாள். நாற்பது விநாடி. கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள்.

"இப்படிக் கட்டணும்," என்றாள்.

"ஏன்க்கா அங்க மாட்டுறீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"அங்கதான் மாட்டணும்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. வேறு என்ன சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. கை பதினொரு வருஷமாகச் செய்துவந்த எதற்கும் வாயில் வார்த்தை இல்லை. இரண்டு மணி நேரப் பாடம் இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. மிச்ச நேரம் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போகும்போது ஒரு டிரைவர் இன்னொருவரிடம் மெல்லச் சொன்னார்: "பார்த்துப் பேசுப்பா. வீட்டு ஆளையே மாட்டிவிட்டவங்க."

வீட்டில் இளையவள் சண்டை போடவில்லை. "அக்கா, உப்பு தீர்ந்துடுச்சு." "அக்கா, குழாயில தண்ணி வரல." அவ்வளவுதான் பேச்சு. 'அக்கா' என்ற சொல்லில் வருகைப் பதிவேடு வாசிக்கிற தொனி வந்துவிட்டது. ஒரு தட்டைத் தூக்கி எறிந்திருந்தாலாவது மூத்தவள் பதிலுக்கு எதையாவது எறிந்து ஆறியிருப்பாள்.

மூன்றாம் வகுப்பு முடிந்த வாரம் அந்த விபத்து நடந்தது. அவளிடம் படித்த ஒரு டிரைவர், சக்கர நாற்காலியில் வந்த ஒரு வளையல் கடைக்காரியை வேனில் ஏற்றிக் கட்டியிருக்கிறார். பெல்ட்டின் கொக்கியை நாற்காலியின் சட்டத்தில் மாட்டாமல் சக்கரத்துக் கம்பியில் மாட்டிவிட்டார். ஒரு வளைவில் சக்கரம் உருண்டு, கொக்கி கழன்று, நாற்காலி அப்படியே சாய்ந்துவிட்டது. கடைக்காரிக்கு முழங்கை எலும்பில் விரிசல்.

மேனேஜர் கேட்டதற்கு அந்த டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "வகுப்புல அக்கா கட்டினதைப் பார்த்தேன் சார். சக்கரத்துல மாட்டக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

உண்மை. அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் அது என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடைக்காரியைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தக் கைதாங்க வளையல் அடுக்கும்," என்றாள் அவள். திட்டவில்லை. மூத்தவள் அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், வகுப்பை மறுபடியும் அவகிட்டயே குடுத்துடுங்க."

"நீங்களா கேட்கிறீங்க?"

"எனக்கு ஓட்ட வரும், சார். சொல்ல வராது. அவளுக்கு வருது." நிறுத்தாமல் தொடர்ந்தாள். "அவ செஞ்சது தப்புதான். ஆனா நான் அன்னிக்கு அதைச் சொன்னது பயணிகளுக்காக இல்ல, சார்."

"வேற எதுக்கு?"

"வயித்தெரிச்சல்," என்றாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு மாதம் இழுத்தடித்து அனுமதி வந்தது.

செய்தி வந்த அன்று இளையவள் ஷெட்டில் வேன் கழுவிக்கொண்டிருந்தாள். மூத்தவள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். குழாய் நீர் இருவர் செருப்பையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

"நான் அன்னிக்கு…" என்று ஆரம்பித்தாள். "பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல."

"தெரியும்," என்றாள் இளையவள், குழாயை மூடாமலே. "கொடியில காயப்போட்ட சட்டை யாரோ போட்டுக் கழட்டின மாதிரி கிடந்துச்சே, அன்னிக்கே தெரியும்."

மூத்தவளுக்கு மறுபடியும் காது சுட்டது.

"என்னைக் கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கலாம் அக்கா. அத்தனை பேர் முன்னாடி… அந்தத் தாத்தாவை நினைச்சு நான் தூங்காத நாள் எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னீங்க."

"ஆமா."

"நீங்க மேனேஜர்கிட்ட கேட்டதுக்காக நான் வகுப்புக்குப் போகல. எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. அதுக்காகப் போறேன். ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

"சரி."

"அன்னிக்கு ஷெட்டுல வேன் கதவைத் திறந்ததும் நீங்கதான். அதையும் நினைக்கிறேன். இதையும் நினைக்கிறேன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்க மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்றீங்க?" இளையவள் துணியைப் பிழிந்து உதறினாள். "அந்தப் பக்கத்துக் கண்ணாடியைத் துடைங்க. சும்மா நிக்காதீங்க."

மூத்தவள் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அடுத்த வகுப்பில் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். மூத்தவள் பெல்ட்டை மாட்டினாள். இளையவள் ஒவ்வொரு கொக்கியையும் நிறுத்தி நிறுத்திக் காட்டி, "அக்கா கை எங்க போகுதுன்னு பாருங்க. சட்டத்துக்கு. சக்கரத்துக்கு இல்ல. ஏன்? சக்கரம் உருளத்தான் இருக்கு. அதை நம்பி யாராவது ஆளைக் கட்டுவாங்களா? ஹாரனை நம்பி ரகசியம் சொல்ற மாதிரி ஆயிடும்," என்றாள்.

அறை முழுக்கச் சிரித்தது. ஹாரன் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். மூத்தவள் நெஞ்சுக்குள் அந்தப் பழைய நெருப்பு ஒருமுறை குப்பென்று எழுந்தது. இவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் இப்படியெல்லாம் வார்த்தை வருகிறதோ! குனிந்து நான்காவது கொக்கியைச் சட்டத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்தாள். இறுகியிருந்தது. பிறகு அவளும் சிரித்தாள், மற்றவர்களைவிட அரை நொடி தாமதமாக.